கும்பகோணத்தில் எங்கே, எப்போது சாப்பிடலாம்?

கோயில் பயணம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் இந்த முறை பாதிக்கு மேல் கும்பகோணத்துச் சாப்பாடு பற்றியவை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துப் பதில் சொல்கிறோம்.

வயதான மாமியார், இரண்டு குழந்தைகள் உட்பட ஆறு பேர் இரண்டு நாள் கும்பகோணம் போகிறோம். போன முறை கோயில் நடை சாத்திய பிறகு சாப்பிடப் போனதில் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் நின்றோம். கிடைத்ததும் ஆறிப்போன சோறு, தண்ணீர் ரசம். எந்த ஓட்டலுக்குப் போனால் நல்ல சாப்பாடு கிடைக்கும்?
– ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

ஓட்டல் பெயரைச் சொல்லுமுன் மணியைச் சொல்லிவிடுகிறோம். கும்பகோணத்துக் கோயில்கள் பெரும்பாலும் பகல் 12 மணியிலிருந்து 12.30-க்குள் நடை சாத்தி, மாலை 4 அல்லது 4.30-க்குத்தான் மறுபடி திறக்கும். உள்ளே இருக்கும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தெருவுக்கு வந்து, ஒரே நான்கைந்து ஓட்டல் வாசலில் நிற்பார்கள். 12.45 முதல் 2 மணி வரை எந்த நல்ல சமையற்காரராலும் அந்தக் கூட்டத்துக்கு ஈடு கொடுக்க முடியாது. முதல் உலைச் சோறு தீர்ந்து அடுத்த உலை அவசரத்தில் வடியும். ரசம் விளாவி விளாவி நீர்த்துப்போகும். நெய்யில் வதக்கிய பொரியல் தீர்ந்து, அதன் இடத்தில் அவசரக் கூட்டு வரும். உங்களுக்குப் போன முறை நடந்தது இதுதான்.

முழுச் சாப்பாடு 11.30-க்குத் தயாராகிவிடும். 11.45-க்கு இலையில் உட்கார்ந்தீர்கள் என்றால் பருப்பு, நெய், சாம்பார், வற்றல் குழம்பு, ரசம் எல்லாம் அதனதன் பதத்தில் இருக்கும். அதற்கு ஏற்ப, கடைசிக் கோயிலை 11.15-க்கு முடித்துவிட வேண்டும். இதற்கு வழி, காலையில் சீக்கிரம் கிளம்புவதுதான். 6.30-க்கு ஒரு காபி, நேரே ஆதி கும்பேஸ்வரர் கோயில், 8 மணிக்கு டிபன், பிறகு சார்ங்கபாணி, நாகேஸ்வரன், முடிந்தால் ராமசாமி கோயில். இவை எல்லாமே ஊருக்குள், ஒன்றுக்கொன்று கிட்டத்தில் உள்ளவை. மாமியாருக்கு மட்டும் ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டதும் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டு, 3.45-க்குக் காபியோடு மாலைச் சுற்றைத் தொடங்கலாம். தாராசுரம், சுவாமிமலை இரண்டையும் மாலைக்கு வையுங்கள்.

கும்பேஸ்வரர் கோயிலை ஒட்டிய மங்களாம்பிகா, காந்தி பூங்கா அருகே வெங்கட்ரமணா ஆகியவை ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பழைய பெயர்கள். ஆனால் பழைய கடையோ புதிய கடையோ, உட்காருமுன் அரை நிமிடம் கவனித்தால் போதும். காலை டிபன் நேரமென்றால் இட்லித் தட்டு அப்போதுதான் ஆவியோடு வெளியே வருகிறதா, அல்லது இட்லிகள் ஹாட்பாக்ஸில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். துணி போட்டு வேகவைத்த இட்லியின் மேற்புறத்தில் நெசவின் தடம் மெல்லிசாகத் தெரியும். ஈடு எடுத்துப் பத்து நிமிடத்துக்குள் சாப்பிட்டால் விரலால் தொட்டதும் அமுங்கி மீளும். தேங்காய்ச் சட்னி வாளியின் விளிம்பில் தண்ணீர் பிரிந்து நின்றால் அரைத்து வெகுநேரம் ஆகிவிட்டது என்று அர்த்தம். வெயில் காலத்தில் அதைத் தொடவே வேண்டாம். குழந்தைகளுக்குப் பொடியும் நல்லெண்ணெயும் கேட்டு வாங்குங்கள்.

மாலையில் ரவா தோசைக்கு 5 மணி முதல் 7 மணி வரை நல்ல நேரம். ரவா தோசை மாவை ஒவ்வொரு தோசைக்கும் அடிவரை கலக்கி ஊற்ற வேண்டும். கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். இரவு 8.30 கூட்டத்தில் இரண்டுக்கும் நேரமிருக்காது. மேலே தெளிந்த நீர் மட்டும் கல்லில் விழுந்து வரட்டித் தகடாக வரும், அல்லது அடியில் தங்கிய ரவை விழுந்து தடிமனாக வரும். அந்த நேரத்தில் ஊத்தப்பமோ இடியாப்பமோ கேளுங்கள்.

டிகிரி காபி என்றால் என்ன? சென்னையிலிருந்து வரும் வழியெல்லாம் அந்தப் பெயர்ப் பலகைதான். ஊருக்குள் வந்து குடித்தால் வித்தியாசம் இருக்குமா?
– விழுப்புரம் வாசகர்

இருக்கும், மூன்று விஷயம் சரியாக அமைந்தால். தண்ணீர் கலக்காத பசும்பால், அன்று இறக்கிய முதல் டிகாக்‌ஷன், கலந்த கையோடு குடிப்பது. பாலின் அடர்த்தியை லாக்டோமீட்டர் வைத்துப் பார்த்து, நல்ல பாலை ‘டிகிரி பால்’ என்று சொன்னதிலிருந்து இந்தப் பெயர் வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். சிக்கரி என்ற சொல் மருவி டிகிரி ஆனது என்பாரும் உண்டு. பித்தளை டபராவுக்கும் சுவைக்கும் சம்பந்தமில்லை. டபரா அகலமாக இருப்பதால் ஆற்றிக் குடிக்க வசதி, அவ்வளவுதான்.

கடையில் கவனிக்க வேண்டியது பால் சட்டியை. காலை 6 முதல் 8 வரையும், மாலை 3.30 முதல் 5.30 வரையும் புதுப்பால் காயும் நேரம். மற்ற நேரங்களில் அதே பால் அடுப்பிலேயே சுண்டிக்கொண்டிருக்கும். ஆடை கட்டி, கோவா வாசம் ஏறி, காபி மணத்தை அது அமுக்கிவிடும். டிகாக்‌ஷனைச் சூடுபடுத்திக் கலந்தால் நாக்கின் பின்பக்கம் கசப்பு நிற்கும். நல்ல கடையில் டிகாக்‌ஷன் சூடில்லாமல்தான் இருக்கும். கொதிக்கிற பால்தான் அதைச் சூடாக்கும். ‘ஸ்ட்ராங், சர்க்கரை கம்மி’ என்று சொல்லியே வாங்குங்கள். சொல்லாவிட்டால் இரண்டு கரண்டி சர்க்கரை விழுந்துவிடும், காபியின் குணமே தெரியாது.

வீட்டில் போட: நான்கு பேருக்கு 40 கிராம் தூள், 200 மில்லி தண்ணீர். தூளில் சிக்கரி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அதிகமானால் கறுப்பும் கொழகொழப்பும் வரும், மணம் வராது. ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் தூளைப் போட்டு, குடைக்கம்பியை வைத்து லேசாக அழுத்துங்கள். இறுக்கி அழுத்தினால் சொட்டு இறங்காது. அழுத்தாமல் விட்டால் தண்ணீர் ஐந்தே நிமிடத்தில் ஓடி இறங்கி, நிறம் மட்டும்தான் மிஞ்சும். தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை முதலில் தூள் நனையும் அளவுக்கு ஊற்றி, அரை நிமிடம் கழித்து மீதியை ஊற்றி மூடுங்கள். இருபது நிமிடத்தில் சுமார் 120 மில்லி இறங்கியிருக்கும். ஆளுக்கு 30 மில்லி டிகாக்‌ஷன், 100 மில்லி பால். பாலை ஒரே ஒரு முறை பொங்கவிட்டு இறக்கி ஊற்றுங்கள்.

கும்பகோணம் கடப்பாவை ஒரு முறை சாப்பிட்டு மயங்கிப்போனேன். அடுத்த முறை போனபோது எந்தக் கடையிலும் இல்லை என்றார்கள். எப்போது கிடைக்கும்? செய்வது எப்படி?
– சேலம் வாசகி

இட்லி, தோசைக்குத் தொட்டுக்கொள்ளும் பாசிப்பருப்பு, உருளைக்கிழங்குக் குழம்பான கடப்பா எல்லா ஓட்டலிலும் எல்லா நாளும் போடும் பண்டம் இல்லை. சில இடங்களில் வாரத்தில் குறிப்பிட்ட நாள் மட்டும், அதுவும் காலை டிபனுக்கோ மாலை டிபனுக்கோ போடுவார்கள். முதல் நாள் இரவே ‘நாளைக்குக் கடப்பா உண்டா, எத்தனை மணிக்கு?’ என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போட்ட ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிடுவது உத்தமம். பருப்பும் பொட்டுக்கடலையும் சேர்ந்த குழம்பு ஆற ஆற இறுகும். அதற்குச் சர்வர்கள் வெந்நீர் விட்டுத் தளர்த்துவார்கள், அப்போது உப்பும் காரமும் இறங்கிவிடும்.

நான்கு பேருக்கு அளவு: பாசிப்பருப்பு 50 கிராம், உருளைக்கிழங்கு 200 கிராம், பெரிய வெங்காயம் ஒன்று, கீறிய பச்சை மிளகாய் மூன்று. அரைக்க: தேங்காய்த் துருவல் 4 மேசைக்கரண்டி, பொட்டுக்கடலை ஒரு மேசைக்கரண்டி, சோம்பு ஒரு தேக்கரண்டி, கசகசா ஒரு தேக்கரண்டி, பூண்டு இரண்டு பல், பச்சை மிளகாய் இரண்டு. தாளிக்க: எண்ணெய், சிறு துண்டுப் பட்டை, இரண்டு லவங்கம், ஒரு பிரிஞ்சி இலை, கறிவேப்பிலை. இறுதியில் அரை மூடி எலுமிச்சம்பழம், கொத்தமல்லி.

பருப்பை வாசம் வரும் வரை மட்டும் வறுத்து, குழைய வேகவிடுங்கள். சிவக்க வறுத்தால் குழம்பின் வெண்மை போய்விடும். கிழங்கைத் தனியாக வேகவைத்து, பாதியை நன்றாக மசித்து, மீதியைக் கையால் உடைத்துப் போடுங்கள். தாளித்து, வெங்காயத்தையும் கீறிய மிளகாயையும் நிறம் மாறாமல் வதக்கி, பருப்பு, கிழங்கு, உப்பு, 600 மில்லி தண்ணீர் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். அரைத்த விழுதை விட்ட பிறகு ஐந்து நிமிடம், சிறு தீ. அதற்கு மேல் கொதித்தால் தேங்காய் திரிந்து எண்ணெய் பிரியும். சோம்பின் பச்சை வாசம் போகாததற்குக் காரணம் பெரும்பாலும் விழுது நைசாக இல்லாததுதான். கசகசாவைப் பத்து நிமிடம் வெந்நீரில் ஊறவைத்து அரைத்தால் மையாக வரும். எலுமிச்சையை அடுப்பை அணைத்து, இறக்கி வைத்த பிறகு பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் கசந்துவிடும்.

இறக்கும்போது சாம்பாரைவிடச் சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும். ‘தண்ணியாக இருக்கிறதே’ என்று தோன்றும், பயப்பட வேண்டாம். இலைக்குப் போவதற்குள் சரியாகிவிடும்.

உப்பிலியப்பன் கோயிலில் உப்பில்லாத பிரசாதம்தானே? என் அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு, நீரிழிவு இரண்டும் உண்டு. அவர் சாப்பிடலாமா?
– திண்டுக்கல் வாசகர்

கும்பகோணத்திலிருந்து ஆறேழு கிலோமீட்டரில், திருநாகேஸ்வரத்தில் இருக்கிறது ஒப்பிலியப்பன் சன்னதி. மார்க்கண்டேயர் தம் மகளைப் பெருமாள் பெண் கேட்டபோது, ‘உப்புப் போட்டுச் சமைக்கவும் தெரியாத சிறுமி’ என்று தயங்க, ‘உப்பில்லாமலே ஏற்கிறேன்’ என்று பெருமாள் சொன்னதாகத் தலபுராணம். அதனால் நைவேத்தியம் எதிலும் உப்பு இல்லை. உப்புச் சேர்த்த தின்பண்டத்தைச் சன்னதிக்குள் கொண்டுபோவதையும் பக்தர்கள் தவிர்ப்பார்கள். குழந்தைகளின் முறுக்கு, சிப்ஸ் பொட்டலங்களை வண்டியிலேயே விட்டுவிடுங்கள்.

ரத்தக் கொதிப்புக்கு உப்பில்லாப் புளியோதரை நல்லதுதான். நீரிழிவுக்கு அது சோறுதான் என்பதை மறக்க வேண்டாம். சர்க்கரைப் பொங்கல் ஒரு வாய் போதும். இதைவிட முக்கியமானது, மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வரிசையில் நிற்கக் கூடாது என்பது. திருநாகேஸ்வரத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலை 4.30 முதல் 6 வரை ராகு கால வழிபாட்டுக்குப் பெருங்கூட்டம் இருக்கும். அம்மாவை அந்த நேரத்தில் அழைத்துப் போவதானால் முன்பே ஏதாவது சாப்பிடச் செய்து, கைப்பையில் பிஸ்கட், தண்ணீர், கொஞ்சம் சர்க்கரை வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை நேரத்தை மாற்றுவதானால் அவருடைய மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் ஒரே நாளில் பார்க்கத் திட்டம். வழியில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? கட்டுச்சோறு கொண்டுபோகலாமா?
– திருநெல்வேலி வாசகர்

ஒரே நாள் என்றால் கட்டுச்சோறு கட்டாயம், குறைந்தது காலைக்காவது. விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பி, மேற்கே திங்களூரை முதலில் முடித்து, ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர் வழியாக நடை சாத்துவதற்குள் வைத்தீஸ்வரன்கோயில் போய்ச் சேர வேண்டும். பிற்பகலில் திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், கடைசியாகத் திருநள்ளாறு. காலையில் ஆறு கோயில். ஓட்டலில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலே ஒரு கோயில் விட்டுப்போகும். ஆகவே காலை டிபனை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டை வைத்தீஸ்வரன்கோயிலிலோ பக்கத்துச் சீர்காழியிலோ முடித்துவிடுங்கள். திருவெண்காடும் கீழப்பெரும்பள்ளமும் சின்ன ஊர்கள். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பசியோடு போகாதீர்கள். எப்படியும் 4 மணி வரை அடுத்த நடை திறக்காது, ஆகவே மதியம் நிதானமாக உட்கார்ந்து சாப்பிடலாம்.

கட்டுச்சோற்றில் எது தாங்கும் என்று தெரிந்து கட்ட வேண்டும். நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளியோதரை இரவு வரை கெடாது. எலுமிச்சைச் சாதம் ஆறேழு மணி நேரம். தேங்காய்ச் சாதத்தை வெயில் நாளில் கட்டவே கூடாது. மதியத்துக்குள் நூல் விடும். தயிர்ச்சாதம் புளிக்காமல் இருக்க, ஒரு ஆழாக்கு அரிசியைக் குழைய வடித்து, ஆறிய பிறகு இரண்டு ஆழாக்குக் காய்ச்சி ஆறிய பாலும், உறைக்கு இரண்டு மேசைக்கரண்டித் தயிரும் கலந்து கட்டுங்கள். 5 மணிக்குக் கலந்தது மதியம் நல்ல பதத்தில் இருக்கும். வெங்காயம், மாதுளை, வெள்ளரி போன்றவற்றை முன்பே கலக்காதீர்கள், தண்ணீர் விட்டுச் சாதம் சீக்கிரம் கெடும்.

காலைக்குப் பொடி தடவிய இட்லியை மிஞ்ச எதுவுமில்லை. இட்லி முழுதும் ஆறிய பிறகு இருபுறமும் நல்லெண்ணெயில் குழைத்த பொடியைத் தடவி, தணலில் வாட்டிய வாழை இலையில் அடுக்கிக் கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் உள்ளே வேர்த்து, பொடி கரைந்து, மேலெல்லாம் பிசுபிசுத்துவிடும். நிறையப் பேர் செய்யும் தவறு இதுதான்.

திங்களூர் போகும்போது திருவையாறு கிட்டத்தில்தான். அசோகா அல்வாவின் ஊர் அது. பாசிப்பருப்பை வேகவைத்து மசித்து, சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிளறுவது. கடை திறந்திருந்தால் சூடாக ஐம்பது கிராம் இலையில் வாங்கிச் சாப்பிடுங்கள். விரலால் எடுத்தால் பிசுக்காக ஒட்டாமல், நெய் மட்டும் விரலில் மிஞ்ச வேண்டும்.

கோயில் அன்னதானத்தில் வசதி உள்ளவர்கள் சாப்பிடலாமா?
– கரூர் வாசகி

தாராளமாகச் சாப்பிடலாம், அது இறைவன் பிரசாதம். தமிழக அரசின் அறநிலையத் துறைக் கோயில்களில் அன்னதானத் திட்டம் 2002-இல் தொடங்கியது. பல கோயில்களில் உச்சிக்காலப் பூஜை முடிந்ததும் இலை போடுவார்கள். தினமும் இத்தனை பேருக்கு என்று கணக்கு உண்டு. ஆகவே 11 மணிக்கே அலுவலகத்தில் டோக்கன் பற்றிக் கேட்டுவிடுங்கள். வாங்கிய டோக்கனை வீணாக்கக் கூடாது, ஒருவருடைய இலை போய்விடும். மனம் இருந்தால் அங்கேயே அன்னதான நன்கொடைக்கு ரசீது போட்டுக்கொள்ளலாம்.

வெங்காயம், பூண்டு சேர்க்காத சாப்பாடு கிடைக்குமா?
– பெங்களூரு வாசகர்

கேட்டால் கிடைக்கும், கேட்காமல் கிடைக்காது. ‘சைவம்’ என்ற பலகை அதைக் குறிக்காது. டிபன் சாம்பாரில் சின்ன வெங்காயம் இருக்கும். மேலே படித்தபடி கடப்பாவில் வெங்காயமும் பூண்டும் உண்டு. வெண்பொங்கல், தயிர்ச்சாதம், இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி என்று சமாளிக்கலாம். கோயில் மடப்பள்ளிப் பிரசாதத்தில் இரண்டும் கிடையாது. குறைந்தது ஆறு பேர் என்றால் சின்ன மெஸ்களில் முதல் நாளே சொல்லிச் சமைக்கச் செய்யலாம்.

அசைவம்?
– தூத்துக்குடி வாசகர்

கோயில் வீதிகளைத் தாண்டினால் கிடைக்கும். கோயில் சுற்று எல்லாம் முடிந்த கடைசி நாள் மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் 1 மணிக்குள். மீன் குழம்பும் வறுவலும் முதலில் தீரும்.

ஊருக்குத் திரும்பும்போது என்ன வாங்கி வரலாம்?
– மதுரை வாசகி

காபித்தூளும் வெற்றிலையும். காபித்தூளை அரைக்கும் கடையில் கண் முன்னே அரைத்து, 250 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள். அரைத்த தூளின் மணம் பத்து நாளில் பாதியாகிவிடும். இரண்டு கிலோ வாங்கி ஊருக்கெல்லாம் கொடுப்பதானால் வந்த அன்றே கொடுத்துவிடுங்கள்.

கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காவிரிப் பாசன மண்ணில் விளையும் கொழுந்து வெற்றிலை இளம்பச்சையாக, மெல்லிசாக, காரம் குறைவாக இருக்கும். காம்பை ஒடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும். வளைந்தால் பறித்து நாளாகிவிட்டது. கவுளிக்கு, அதாவது ஒரு வெற்றிலைக் கட்டுக்கு, எத்தனை இலை என்பது கடைக்குக் கடை மாறும், கேட்டு எண்ணி வாங்குங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஒரே இரவில் வேர்த்துக் கறுத்துவிடும். கடைக்காரரிடம் சொல்லி வாழை மட்டையில் கட்டி வாங்கி, வீட்டுக்கு வந்ததும் கறுத்த இலைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, ஈரத்துணியில் சுற்றி நிழலில் வையுங்கள். தினமும் ஒரு தரம் பிரித்து, அழுகல் தட்டியதை நீக்கி, துணியைப் பிழிந்து மறுபடி சுற்றினால் நான்கைந்து நாள் அப்படியே இருக்கும்.